கார்டு விலை இறங்கி வரிசை கலைந்த விவரம்

உ

நைனார்பாளையம்,
ஆனி மாதம், ஞாயிற்றுக்கிழமை.

மரியாதைக்குரிய மச்சான் வெங்கடேசன் அவர்களுக்கு, உங்கள் தங்கையின் வீட்டுக்காரன் தெய்வசிகாமணி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் தங்கை அமிர்தமும் பெண் எழில்மதியும் நலம். கறவை மாடும் நலம். என் இடது முழங்கால் மட்டும் யார் பேச்சையும் கேட்காமல் தன் போக்கில் இருக்கிறது. அங்கு ஆவடியில் நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசினால் ஆகாதா, இந்தக் காலத்தில் எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் நான் நலம் விசாரித்து முடிப்பதற்குள் "சரிங்க மாப்ள, வச்சிட்றேன்" என்று சொல்லி வைத்துவிடுகிறீர்கள். கடிதம் என்றால் மடித்து வைத்தாலும் மறுபடி எடுத்துப் படித்துத்தானே ஆக வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். கடைவீதியில் இருக்கும் உங்கள் கட்டடத்தில் எழில்மதி நடத்துகிற கம்ப்யூட்டர் விளையாட்டுக் கடையை ஆவணி பிறந்ததும் காலி செய்யச் சொல்லி, ஒரு நகைக்கடன் கம்பெனிக்கு விடப்போவதாக உங்கள் தங்கையிடம் சொன்னீர்களாம். "கடையில ஈ கூட இல்லியாமே" என்றும் கேட்டீர்களாம். ஈ இருக்கிறது மச்சான். ஆள்தான் இல்லை. ஆள் எப்படி வந்தது, எப்படிப் போனது, போன ஆள் இப்போது எங்கே இருக்கிறது என்பதையெல்லாம் கேட்டால் நீங்களே அசந்துபோய், அந்தப் பெண்ணுக்காகப் பொங்கல் வரைக்குமாவது கடையை விட்டுவைப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் எழுதுகிறேன்.

உங்களுக்கே தெரியும், மூங்கில்துறைப்பட்டு ஆலையில் என் சர்வீஸ் முழுக்கக் கரும்பு வண்டிகள் வந்து நிற்கிற யார்டில்தான் கழிந்தது. டிராக்டர் ஒரு வரிசை, மாட்டு வண்டி ஒரு வரிசை, வந்த முறைப்படி டோக்கன், டோக்கன் முறைப்படி எடை மேடை. வெயிலோ மழையோ, என் வரிசையில் ஒருத்தன் குறுக்கே புகுந்ததாகச் சரித்திரம் கிடையாது. ஓய்வு பெற்று நைனார்பாளையம் வந்து சேர்ந்த பிறகு ஒழுங்குபடுத்த ஒன்றுமில்லாமல் கை நமநமவென்று இருந்தது. உங்கள் தங்கை ரேஷன் கடைக்கு அனுப்பினாள். அங்கே வரிசையை நான் கொஞ்சம் சீர்திருத்தப் போய், நின்றிருந்த பெண்கள் எல்லோரும் ஒன்றாகத் திரும்பிக்கொண்டு, "உங்க வூட்டம்மாவ அனுப்புங்க, நீங்க வராதீங்க" என்று சொல்லிவிட்டார்கள். அப்படி நான் வீட்டில் மாட்டைப் பார்த்துக்கொண்டு, மாடு என்னைப் பார்த்துக்கொண்டு இருந்த காலத்தில்தான், சென்னையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் வேலை பார்த்த எழில்மதி ஊருக்குத் திரும்பி வந்து, "அப்பா, நான் கேம் கடை வெக்கப் போறேன்" என்றாள்.

கடை வைப்பதற்கு முன்னால் அவள் ஒரு பொருளைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். கிராபிக்ஸ் கார்டு என்றாள். கார்டு என்றதும் நான் சட்டைப் பையில் போடுகிற அளவில் எதிர்பார்த்தேன். இது ஒரு செங்கல் பருமன், அதில் இரண்டு மின்விசிறி வேறு. கம்ப்யூட்டர் திரையில் ஓடுகிற படத்தையெல்லாம் இதுதான் உட்கார்ந்து வரைகிறதாம். ஒரு நொடிக்கு அறுபது படம் வரைகிறதாம். "முன்னெல்லாம் இத வாங்கணும்னா ஒரு கறவ மாட்ட வித்தாவணும்ப்பா. இப்ப ஒரு வெள்ளாட்டு வெலைக்கு வந்துட்ச்சி" என்றாள். ஏன் இறங்கியது என்று கேட்டேன். கொஞ்ச காலத்துக்கு முன்னால் உலகம் முழுக்க ஒரு கூட்டம் கிரிப்டோ என்று ஏதோ ஒரு காசைக் கம்ப்யூட்டருக்குள் தோண்டிக்கொண்டிருந்ததாம். அதற்கு இந்தக் கார்டுதான் மண்வெட்டியாம். இருந்த கார்டையெல்லாம் அவர்களே வாரிக்கொண்டு போனதில் விளையாடுகிற பிள்ளைகளுக்கு ஒன்றும் மிஞ்சவில்லையாம். பிறகு தோண்டினது கட்டுபடியாகாமல் அத்தனை கார்டையும் கொண்டுவந்து சந்தையில் கொட்டினார்களாம். போதாததற்குப் புதிதாக ஒரு கம்பெனி உள்ளே நுழைந்து விலையைக் கம்மியாகப் போட்டதில் பழைய கம்பெனிகளும் இறங்கி வர வேண்டியதாயிற்றாம். எங்கோ எவனோ தோண்டி, எங்கோ எவனோ ஓய்ந்து, கடைசியில் அந்தப் பொருள் என் மடியில் வந்து உட்கார்ந்திருக்கிறதே என்று நான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

கடை திறந்த அன்றே முதல் விபத்து நடந்தது. நீங்கள் கல்யாண வேலையாக இருந்ததால் வரவில்லை. உங்கள் தங்கை விடியற்காலையிலேயே குளித்து, புதுப் பொருளாயிற்றே என்று பக்தியோடு கார்டுகளுக்குச் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்திருக்கிறாள். கார்டின் அடியில் வரிசையாகத் தங்க நிறத்தில் பல் மாதிரி ஒன்று இருக்கும். அதுதான் அழகாக இருக்கிறது என்று அங்கேதான் நிறையப் பூசியிருக்கிறாள். எழில்மதி அதைக் கவனிக்காமல் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் சொருகி, ஊர்ப் பெரியவர்களை உட்கார வைத்து, சுவிட்சைப் போட்டால் விளக்கு எரிகிறது, விசிறி சுற்றுகிறது, திரை மட்டும் அமாவாசை. அதற்குள் விசிறியில் ஒட்டியிருந்த குங்குமம் பறந்து முன்வரிசையில் இருந்த உரக்கடைக்காரர் வேட்டியில் விழுந்தது. "அம்மா, நீ இன்னா பண்ணி வெச்சிருக்க?" என்று எழில்மதி தலையில் கை வைத்தாள். "எல்லாத்துக்கும்தான் வெக்கறோம். டிராக்டருக்கு வெக்கலியா, அது ஓடலியா?" என்று உங்கள் தங்கை கேட்டாள்.  பிறகு எழில்மதி பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் ரப்பரை வாங்கி அந்தப் பல்லையெல்லாம் தேய்த்து மறுபடி மாட்டினாள்.

திரை விழித்தது மச்சான். அதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு மலை. மலைமேல் காடு. காட்டில் ஒவ்வொரு மரத்துக்கும் தனித்தனி இலை, ஒவ்வொரு இலையும் தனியாக ஆடுகிறது. ஒரு அருவி விழுகிறது, விழுந்த தண்ணீரில் வெயில் படுகிறது, எழில்மதி பொம்மையை நடக்க வைத்தால் அதன் நிழல் தண்ணீரில் உடைந்து உடைந்து சேர்கிறது. கல்வராயன் மலையில் மேகம் அருவியை நான் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன், ஒருநாளும் இப்படி நின்று பார்த்ததில்லை. அது பாட்டுக்குத் தண்ணீர், மேலிருந்து விழுந்துதானே ஆக வேண்டும். இதுவோ நம் ஊர் கரண்டில், நம் ஊர் புழுக்கத்தில், வெள்ளாட்டு விலைக்கு வந்த ஒரு செங்கல் உட்கார்ந்து ஒவ்வொரு சொட்டாக வரைகிறது. அறுபது வயதுக்கு மேல் ஒரு மனிதனுக்கு இப்படி மயிர்க்கூச்செறியும் என்று நான் நினைக்கவில்லை. உரக்கடைக்காரர் வேட்டிக் குங்குமத்தை மறந்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார்.

அதற்குப் பிறகு கூட்டம் வந்தது பாருங்கள். நைனார்பாளையம் மட்டுமில்லை, சுற்றுப்பட்ட ஊரெல்லாம் வந்தது. கார் ஓட்டுகிறவன் ஒரு பக்கம், துப்பாக்கி சுடுகிறவன் ஒரு பக்கம். ஆனால் என்னை அசத்தியது வீரமணிதான். மலைமேல் கரியாலூரில் இருந்து கரும்பு வெட்ட இறங்கி வருகிற கட்டிங் ஆட்களில் ஒருத்தன். பகல் முழுக்க வயலில் கரும்பு வெட்டிவிட்டு, கரும்புச் சோகை கீறின கையோடு சாயங்காலம் கடைக்கு வருவான். வந்து என்ன விளையாடுவான் தெரியுமா? விவசாய விளையாட்டு. அதில் நிலம் உழுது, கரும்பு நட்டு, பெரிய இயந்திரத்தை ஓட்டி அறுவடை செய்வான். ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. "இன்னாடா வீரமணி, பகல் பூரா வெட்டனது பத்தலியா? இங்கயும் வந்து கரும்பா?" என்று கேட்டேன். அவன் திரையில் இருந்து கண்ணை எடுக்காமல், "அது ஊரான் கரும்புங்கய்யா. இது என்னுது" என்றான். நான் அவன் பக்கத்திலேயே நின்று, அவன் தன் கரும்பை அறுத்து முடிக்கும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவனுக்கு நாலு பக்கமும் வரப்பு இருந்தது, கிணறு இருந்தது, வரப்போரம் ஒரு நாய்கூட இருந்தது. 

இத்தனை கூட்டம் வந்தால் வரிசை வேண்டாமா? எழில்மதியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஆலை முறையை அப்படியே கொண்டுவந்தேன். ஆலையில் கரும்பு நட்டதும் பதிவு செய்ய வேண்டும், பதிவு வரிசைப்படி வெட்டு உத்தரவு வரும், உத்தரவு வராமல் யாரும் கத்தி வைக்கக்கூடாது. அதே மாதிரி, விளையாட வருகிறவன் முந்தின வாரமே பதிவு செய்துகொள்ள வேண்டும், நான் உத்தரவு கொடுத்தால்தான் நாற்காலியில் உட்காரலாம் என்று சட்டம் போட்டேன். பைக்கில் வருகிறவனுக்கு டிராக்டர் வரிசை, நடந்து வருகிறவனுக்கு வண்டி வரிசை. ஒருத்தன் முறை வந்து அவன் வரவில்லை என்றால், அவன் இடம் அவனுக்குத்தான். வேறு ஆளை உட்கார வைத்தால் அது அநியாயம் இல்லையா? ஆலையில் ஒருத்தன் டோக்கனில் இன்னொருத்தன் லோடை எடை போடுவார்களா? இப்படியாகத்தானே ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையில் பாதிப் பெட்டிகள் சும்மா கிடக்க, வாசலில் தெருவடைத்து ஆட்கள் நின்றார்கள். டீ வாங்கப் போன எழில்மதி திரும்பி வந்து பார்த்துவிட்டு, "எப்பா, உள்ள பொட்டி காலியா கீது, வெளிய ஜனம் காஞ்சிக்கினு கீது, இன்னாப்பா இது?" என்றாள். "முறைம்மா" என்றேன். அவள் உள்ளே போய் டீயைக் குடித்தாள்.

அந்த வரிசையில் நின்றவர்களில் ஒருத்தன்தான் உரக்கடைக்காரர் மகன் சுபாஷ். இரண்டு ஞாயிறு உத்தரவு கிடைக்காமல் திரும்பிப் போனவன், மூன்றாம் ஞாயிறு நேராக எழில்மதியிடம் போய், "அக்கா, அந்தக் கார்டு வெல எறங்கிட்ச்சாமே. எனக்கொண்ணு போட்டுக் குடு. உங்கப்பா கையில மாட்ட என்னால முடியாது" என்று கேட்டுவிட்டான். அவளும் சரி என்று சொல்லி, உரக்கடையில் பில் போடுகிற பழைய கம்ப்யூட்டரைத் திறந்து, உள்ளே ஒரு கார்டைச் சொருகிக் கொடுத்துவிட்டு வந்தாள். அவ்வளவுதான். சுபாஷ் வீட்டில் போட்டதை அவன் பங்காளி பார்த்தான், பங்காளி வீட்டில் போட்டதைப் பக்கத்துத் தெரு பார்த்தது. அதுவரை ஊரில் பில் போடவும் ஜாதகம் கணிக்கவும் இருந்த கம்ப்யூட்டர் எல்லாம் சாயங்காலமானால் கார் ஓட்டின, துப்பாக்கி சுட்டன.

மச்சான், ஆலையில் எத்தனையோ பருவம் பார்த்தவன் நான், ஆனால் இந்தச் சந்தை போல ஒன்றைப் பார்த்ததில்லை. விலை கொஞ்சம் இறங்கியதும் கூட்டம் கடைக்கு வந்தது. இன்னும் கொஞ்சம் இறங்கியதும் அதே கூட்டம் வீட்டுக்குப் போய்விட்டது. போகிறவர்களுக்கு வண்டி ஏற்பாடு செய்து கொடுக்கிற மாதிரி, அவர்கள் வீட்டுக்கே போய்க் கார்டு போட்டுக் கொடுத்தது யார் என்றால், கடைக்காரி எழில்மதியேதான். "ஏம்மா, வாடிக்கைக்காரன நீயே வூட்டுக்கு அனுப்பறியே, நாளைக்குக் கடைக்கு யார் வருவா?" என்று கேட்டேன். "அவங்க வூட்லயே நல்லா ஆடட்டுமேப்பா. வரிசையில நின்னுக்கினு ஆட்றது ஒரு ஆட்டமா?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

நான் சும்மா இருக்கவில்லை. பெண்ணின் பிழைப்பாயிற்றே. கார்டு விலை கேட்டு வருகிறவர்களை அவளுக்குத் தெரியாமல் வாசலிலேயே மடக்கினேன். வீட்டில் போட்டால் கரண்டு பில் எகிறும் என்றேன். கண்ணைக் கெடுக்கும் என்றேன். மாடு இருக்கிற வீட்டில் போட்டால் பால் கம்மியாகும் என்றும் ஒருத்தரிடம் சொல்லிவிட்டேன். அவர் நேராக உள்ளே போய், "ஏம்மா, பால் கம்மியாவாத கார்டு எதுனா கீதா?" என்று எழில்மதியிடம் கேட்டிருக்கிறார். அன்றிலிருந்து நான் வாசலில் நிற்கக்கூடாது, உள்ளேதான் உட்கார வேண்டும் என்று உத்தரவு. வெட்டு உத்தரவு கொடுத்தவனுக்கே உத்தரவு.

உள்ளே உட்கார்ந்ததில் ஒரு செய்தி தெரிந்துகொண்டேன். அதைக் கேட்டால் நீங்களும் ஆச்சரியப்படுவீர்கள். இந்த விளையாட்டையெல்லாம் செய்கிறவர்கள் எங்கேயோ கடல் தாண்டி இருக்கிறார்களாம். முன்பு பெரிய விலைக் கார்டு வைத்திருக்கிறவனை மனதில் வைத்துத்தான் செய்வார்களாம். இப்போது எங்கே பார்த்தாலும் வெள்ளாட்டு விலைக் கார்டுதான் ஜாஸ்தி என்று தெரிந்து, அதிலும் ஓடுகிற மாதிரி இறக்கிச் செய்கிறார்களாம். யாரிடம் எந்தக் கார்டு இருக்கிறது என்று மாதாமாதம் கணக்கெடுக்கிறார்களாம். அப்படியென்றால் யாரோ ஒரு வெள்ளைக்காரன், தன் ஊரில் பனியில் உட்கார்ந்துகொண்டு, நைனார்பாளையம் உரக்கடையில் இருக்கிற சுபாஷின் பெட்டியையும் ஒரு கணக்காக எண்ணி வேலை செய்கிறான் என்றுதானே அர்த்தம்? இந்த ஊரை எண்ணி இதற்கு முன்னால் யார் எதைச் செய்தார்கள்? இதைச் சுபாஷிடம் சொன்னேன். அவன், "அதுக்குத்தான்யா நேத்து நல்லா ஓட்ச்சி" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனான். எனக்குத்தான் புல்லரித்துக்கொண்டே இருந்தது.

அரவைப் பருவம் முடிந்து கட்டிங் ஆட்கள் மலைக்குத் திரும்புகிற நேரம் வந்தது. வீரமணி எழில்மதியிடம் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். "மேல போனா எங் கரும்பு கெடந்து காஞ்சிடும்மா" என்றான். அவன் சொன்னது திரையில் இருந்த கரும்பை. எழில்மதி ஒரு ஆபீசில் கழித்துப் போட்ட கம்ப்யூட்டர் ஒன்றைத் தேடிப்பிடித்து, கரண்டை அதிகம் குடிக்காத ஒரு சின்னக் கார்டைப் போட்டுக் கொடுத்தாள். அதைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வர நானும் கூடப் போனேன். கள்ளக்குறிச்சி போய், கச்சிராயபாளையம் வழியாக மலைப் பேருந்து. ஒவ்வொரு வளைவிலும் நான் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஒருபக்கம் சாய, பக்கத்தில் சாமை மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்த அம்மாள் மறுபக்கம் சாய, நடத்துனர் இருவருக்கும் லக்கேஜ் டிக்கெட் கிழித்தார். "பொட்டியில இன்னாங்க பெரியவரே?" என்றார். "கரும்புக் காடு" என்றேன்.  கரியாலூரில் வீரமணி வீட்டில் சிக்னல் கிடைக்காமல், வாசல் பலா மரத்தில் ஏறி ஏதோ ஒரு கருவியைக் கட்டி, அது காற்றில் திரும்பி, மறுபடி ஏறிக் கட்டி, ஒருவழியாகத் திரையில் அவன் காடு வந்தது. அவன் பெண்டாட்டி மலர்விழி எட்டிப் பார்த்து, "இதுவா நம்முளுது?" என்று கேட்டாள். "ஆமா" என்றான். "தோ அந்த மூலையில கத்திரி போடுய்யா" என்றாள்.

திரும்பி வந்தால் கடை காலி. வைகாசி முழுக்கக் காலி. பெட்டிகள் வரிசையாக நிற்கின்றன, நான் ஒவ்வொன்றாகத் தூசி தட்டுகிறேன், எழில்மதி யார் வீட்டுக்கோ வேலைக்குப் போகிறாள். நீங்கள் காதில் வாங்கியது இந்தக் காலத்துக் கதைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் போன வியாழக்கிழமை, விளக்கு வைக்கிற நேரம், எழில்மதி என்னை ஒரு பெட்டி முன்னால் உட்கார வைத்து, கேட்கவும் பேசவும் ஒரு கருவியைக் காதில் மாட்டினாள். "ஒருத்தரும் வரலன்னு பொலம்பிக்கினே இருந்தியே, இங்க பாரு" என்றாள்.

மச்சான், திரையில் செம்மண் சாலை. பின்னால் கல்வராயன் மலை மாதிரியே ஒரு மலை. சாலைக் கோடியில் ஒரு ஆலை வாசல். வாசலில் இருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் நிற்கின்றன. ஒவ்வொரு டிராக்டர் தலைமேலும் ஒரு பெயர். சுபாஷ் இருக்கிறான், அவன் பங்காளி இருக்கிறான், பால் கம்மியாகாத கார்டு கேட்டவர் இருக்கிறார், கரியாலூர் வீரமணி இருக்கிறான். என் வரிசையில் நின்று அலுத்துப்போன அத்தனை பேரும் அவரவர் வீட்டில் உட்கார்ந்துகொண்டு இன்டர்நெட் வழியாக அங்கே ஒன்றாக நிற்கிறார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் ஆலைக்குள் நுழையப் போய், இடித்து, நாலைந்து டிராக்டர் பள்ளத்தில் கவிழ்ந்து, கரும்பெல்லாம் கொட்டிக் கிடக்கிறது. காதுக்குள் ஒரே கூச்சல். அந்தக் கூச்சலில் வீரமணி குரல் தனியாகக் கேட்டது. "ஐயா வந்துட்டாரா? ஐயா, டோக்கன் போடுங்கய்யா. சுபாசு குறுக்க பூந்துக்கினே கீறான்யா!"

 பொய் சொல்ல மாட்டேன், அழுதுவிட்டேன். எழில்மதி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, யார்டில் போடுகிற அதே சத்தத்தைப் போட்டேன். "டிராக்டர் எல்லாம் எடது பக்கம் ஒதுங்கு! சுபாஷு, வண்டிய பின்னாடி எடு! முன்னாடி வந்தவன் முன்னாடி!" மலையில் இருக்கிறவன், தெருவில் இருக்கிறவன், எல்லோரும் என் ஒரு சொல்லுக்கு வண்டியைத் திருப்பினார்கள். ஒரு செங்கல் அளவுப் பொருள் விலை இறங்கியதற்கு இத்தனை நடக்குமா? நிலமில்லாதவனுக்கு நிலம் வந்தது, மலையும் ஊரும் ஒரே வரிசையில் நின்றன, ஓய்வு பெற்றவனுக்கு உத்தியோகம் வந்தது. இதை நினைத்து நினைத்து நான் இன்னும் ஆச்சரியத்தில் இருந்து கீழே இறங்கவில்லை.

ஆகவே மச்சான், கூட்டம் அழிந்துவிடவில்லை, இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். இந்த நேரத்தில் கடையைப் பிடுங்கினால் அந்தப் பெண் என்ன செய்வாள்? வயசுப் பெண், ஆசையாய் வைத்த கடை, வாய் திறந்து உங்களிடம் கேட்கமாட்டாள். தாய்மாமன் நீங்கள்தான் பார்த்துச் செய்ய வேண்டும். பெண்ணுக்காகத்தான் கேட்கிறேன், எனக்கென்று இதில் ஒன்றும் இல்லை. பொங்கல் வரை தவணை கொடுங்கள். அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசிகள். தலைவலித் தைலம் இரண்டு பாட்டில் உங்கள் தங்கை கேட்டாள். கல்வராயன் மலைமேல் இருக்கிற சாமி உங்கள் குடும்பத்துக்கு ஒரு குறையும் வைக்காது. நல்ல பதிலை எதிர்பார்த்திருக்கும்,

தெய்வசிகாமணி.

பி.கு.: முந்தாநாள் கடிதத்தை ஒட்டுவதற்கு முன் எழில்மதியிடம் படித்துக் காட்டினேன். பாதியிலேயே சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். கடையைக் காலி செய்கிறேன் என்று போன வாரம் உங்களுக்குப் போன் செய்து சொன்னதே அவள்தானாம். நகைக்கடன் கம்பெனியைப் பிடித்துக் கொடுத்ததும் அவள்தானாம். எனக்கு மெதுவாகச் சொல்லலாம் என்று மாமனும் மருமகளும் பேசி வைத்துக்கொண்டீர்களாம். கார்டு போட, பெட்டி சரிபார்க்க என்று சின்னசேலம் முதல் மலை வரைக்கும் அவளைக் கூப்பிடுகிறார்கள். ஒரு சரக்கு ஆட்டோ பார்த்திருக்கிறாள். "கடைக்கு யாரும் வர வேணாம்ப்பா, நான்தான் போய்க்கினு இருக்கேனே" என்கிறாள். எனவே மேலே 'பெண்ணுக்காக' என்று எழுதிய இடத்தையெல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். கடை வேண்டியிருந்தது எனக்குத்தான் என்று இப்போதுதான் எனக்கே புரிகிறது.

டோக்கன் போட வீட்டிலேயே ஒரு பெட்டி வைத்துக் கொடுத்திருக்கிறாள். நேற்று உட்கார்ந்து பார்த்தேன். வரிசை நன்றாகத்தான் நின்றது. ஆனால் யாரும் என்னைத் தள்ளவில்லை, வெற்றிலை கேட்கவில்லை, வியர்வை நாற்றம் இல்லை. கரண்டு போனதும் அத்தனை பேரும் ஒரே நொடியில் போய்விட்டார்கள், நான் இருட்டில் மாட்டோடு இருந்தேன். கடையைத் தாராளமாக நகைக்கடன் கம்பெனிக்கே கொடுங்கள். ஆவணி முகூர்த்த மாதத்தில் அங்கே நல்ல கூட்டம் வரும் என்று சொல்கிறார்கள். வருகிற ஜனத்தை வாசலில் யார் ஒழுங்குபடுத்துவது என்று அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டு எழுதவும். சம்பளம் வேண்டாம். உட்கார ஒரு ஸ்டூல் போட்டால் போதும்.